லோங்காங்கிலிருந்து ஆறு வரை: வீட்டருகே ஓடும் நீர்நிலையைக் குழுவாகப் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

எங்கள் முதல் துப்புரவு நாள் எப்படி நடந்தது என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. 40 பேர், ஒரே நிறத்தில் டீசட்டை, ஒரு பதாகை, காலை 10 மணி வெயில். இரண்டு மணி நேரத்தில் 11 மூட்டை குப்பை சேர்ந்தது. அதில் இரண்டு மூட்டை நாங்களே கொண்டுபோனது: குட்டிக் குட்டித் தண்ணீர் போத்தல்கள், பிரியாணி வந்த பெட்டிகள், பிளாஸ்டிக் கரண்டிகள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம், ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். அடுத்த ஞாயிறு நான் மட்டும் அதே பக்கம் நடக்கப் போனால், கரை பழையபடியே இருந்தது.

அந்த 40 பேரில் இப்போது ஆறு பேர்தான் மிச்சம். நாங்கள் பார்த்துக்கொள்வது சிங்கப்பூரில் சுங்கை வாம்போ என்ற ஆற்றின் ஓரமாக ஏறக்குறைய 300 மீட்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் அந்த 300 மீட்டரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வேன். கீழே இருப்பது அந்த அனுபவத்திலிருந்து எழுதியது.

முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

சிங்கப்பூரில் இரண்டு குழாய்ப் பாதைகள் தனித்தனியாக ஓடுகின்றன. சமையலறைத் தொட்டி, குளியலறை, கழிவறைத் தண்ணீர் எல்லாம் சாக்கடைக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைத் தண்ணீர் அப்படிப் போகாது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் லோங்காங்கில், அதாவது சின்ன வடிகாலில், விழுந்து, பெரிய வடிகாலுக்குப் போய், கால்வாய், ஆறு என்று நகர்ந்து நீர்த்தேக்கத்தில் சேரும். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்பிடிப்புப் பகுதிதான். வடிகால், கால்வாய், ஆறு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர், கடைசியில் 17 நீர்த்தேக்கங்கள். லோங்காங்கில் தட்டிய சிகரெட் துண்டு எங்கேயோ கடலுக்குப் போய்விடும் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது போகும் இடம் நாம் குடிக்கும் தண்ணீர்த் தொட்டி.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். அந்தப் பக்கத்தில் ஓடும் ரோச்சோர் கால்வாய் மரினா நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு, கேலாங் ஆறு, ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆகியவையும் அங்கேதான் சேருகின்றன. மரினாவின் நீர்பிடிப்புப் பகுதி மட்டும் 10,000 ஹெக்டேர், தீவில் ஆறில் ஒரு பங்கு. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல்நீர் உள்ளே வருவது நின்று, நகரத்தின் நடுவிலேயே ஒரு நன்னீர் ஏரி உருவாகிவிட்டது. டோபி காட் என்ற இடத்தின் பெயரே நம் வண்ணார்கள் அங்கிருந்த ஓடையில் துணி துவைத்ததால் வந்தது. அந்த ஓடைதான் இன்றைய ஸ்டாம்ஃபர்ட் கால்வாய், இப்போது பெரும்பகுதி தரைக்கு அடியில் ஓடுகிறது. நமக்கும் இந்த ஊர்த் தண்ணீருக்கும் உறவு பழையது என்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே முதல் வேலை: மழை விட்டதும் குடையோடு கீழே இறங்கி, உங்கள் புளோக் வடிகாலில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதன் பின்னாலேயே நடந்து போங்கள். பாதி வழியில் அது சாலைக்கு அடியில் மறைந்துவிடும், பரவாயில்லை, அடுத்த பக்கம் எங்கே வெளியே வருகிறது என்று தேடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் சுலபம், அவர்களுக்கு இது துப்பறியும் விளையாட்டு.

300 மீட்டர் போதும்

ஒரு முழு ஆற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள். காலாங் ஆறு லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து மரினா வரை 10 கிலோமீட்டர், அதுதான் இங்கே மிக நீளமான ஆறு. அதில் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை எடுத்தால் போதும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும், இது முக்கியம். எம்ஆர்டி ரயில் மாறி பேருந்து ஏறிப் போகும் இடம் என்றால் மூன்றாவது மாதமே ஆள் வராது.

எந்த மாதிரி இடம் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் போன்ற பொதுக் கடற்கரைகளில் துப்புரவாளர்கள் அனேகமாகத் தினமும் வேலை செய்கிறார்கள். அவர்கள் பெருக்கிய மணலை நாம் மறுபடி பெருக்குவதில் பெரிய லாபம் இல்லை. யாரும் அடிக்கடி எட்டிப்பார்க்காத இடங்கள்தான் நம் கைக்காகக் காத்திருக்கின்றன: கால்வாய்க் கரையின் புதர் ஓரம், நடைபாதைப் பாலத்தின் அடிப்பகுதி, வடக்கே இருக்கும் சதுப்புநிலக் காடுகள். 1992இலிருந்து இங்கே நடந்துவரும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கத்தின் தொண்டூழியர்கள் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துச் சதுப்புநிலங்களுக்குப் போவதும் இதனால்தான்.

ஒரு மாதம் எதையும் பொறுக்காதீர்கள்

இதைச் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் முதல் நான்கு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து பார்ப்பதுதான் வேலை. எந்தக் கிழமை குப்பை அதிகம்? பலத்த மழைக்கு மறுநாள் எங்கே ஒதுங்குகிறது? எந்த வடிகால் வாயிலிருந்து வருகிறது? எங்கள் 300 மீட்டரில் குப்பையில் பெரும்பகுதி மூன்றே இடத்தில்தான் சேர்ந்தது: உட்காரும் மேடைக்குப் பின்னால், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் கீழே, ஒரு கோப்பிக்கடையின் பின்வாசல் வடிகால் வந்து சேரும் மூலையில். முதல் நாள் 40 பேரோடு போனபோது இது யாருக்கும் தெரியவில்லை, 300 மீட்டரும் பரவி நின்று பெருக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதத்தில் உயிரினங்களையும் எழுதிவையுங்கள். உடும்பு, மீன்கொத்தி, கொக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய். 1970களில் காணாமலே போயிருந்த நீர்நாய்கள் 1990களின் கடைசியில் சுங்கை பூலோ பக்கம் திரும்பி வந்து இப்போது நகரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகின்றன. 1977இல் ஆரம்பித்த சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆற்றுச் சுத்திகரிப்பு 10 ஆண்டு நடந்தது. பன்றிப் பண்ணைகளை மூடி, தெருவோரக் கடைகளை உணவங்காடிகளுக்கு மாற்றி, சரக்குப் படகுகளை 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவைத்தார்கள். அப்படி ஒரு வேலை நடந்திருக்காவிட்டால் நீர்நாய் திரும்பி வர மீன் ஏது?

யாரிடம் சொல்லவேண்டும்

இந்தப் பகுதி கொஞ்சம் சலிப்பானது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கால்வாய், ஆறு, நீர்த்தேக்கம் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். பூங்கா, இயற்கைப் பாதுகாப்பு வட்டாரம் என்றால் தேசியப் பூங்காக் கழகம். புளோக்கைச் சுற்றிய இடம் நகர மன்றம். பொது இடத் துப்புரவுக்கும் கொசுவுக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியம். எது யாருடையது என்று குழம்பினால் ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு போடுங்கள், அவர்களே சரியான இடத்துக்கு அனுப்புவார்கள்.

நாலைந்து பேர் நடைபாதையில் இடுக்கியோடு போவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. பெரிய கூட்டமாகச் செய்வதாக இருந்தாலோ, சதுப்புநிலத்திலோ இயற்கை வட்டாரத்திலோ இறங்குவதாக இருந்தாலோ முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். கான்கிரீட் கால்வாய்க்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள், கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றினாலும்.

துப்புரவாளர்களிடமும் சொல்லுங்கள். இதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். கட்டிய மூட்டைகளை ஒரு தூண் ஓரமாக வரிசையாக அடுக்கிவிட்டு நாங்கள் கிளம்பும்போது, பச்சைச் சட்டை போட்ட ஒரு தம்பி ஓடிவந்தார், புதுக்கோட்டைப் பக்கம் ஊர். “அண்ணே, இங்க வெச்சா லாரி வராதுண்ணே. நான்தான் ஒவ்வொண்ணா அந்தக் கோடி வரைக்கும் இழுத்துட்டுப் போகணும்.” எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று மூட்டைகளை நாங்களே தூக்கிக்கொண்டு போய் அவர் காட்டிய இடத்தில் வைத்தோம். எந்த மூலையில் எந்த நேரத்தில் குப்பை ஒதுங்கும் என்பது எங்கள் நோட்டுப் புத்தகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, ஒரு மாதம் முன்பே அவரிடம் கேட்டிருக்கலாம்.

ஆட்கள்

ஐந்து பேர் ஒழுங்காக வந்தால் போதும். வட்டாரவாசிகள் குழுவிலோ சமூக மன்றத்திலோ சொல்லிவையுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள். தனியாக ஆரம்பிக்கத் தயக்கம் என்றால் 1998இலிருந்து இயங்கும் வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி மாதிரி அமைப்புகளோடு இரண்டு முறை போய்வாருங்கள், சைக்கிளிலும் கயாக்கிலும் போய்க் குப்பை எடுப்பவர்கள் அவர்கள், பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பள்ளிகளும் குழுக்களும் நீர்நிலை ஓரப் பகுதிகளைத் தத்தெடுக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் திட்டம் இருக்கிறது. ஒரு வருடம் தாக்குப்பிடித்த பிறகு அதற்குப் போனால் நல்லது என்பது என் எண்ணம்.

பள்ளியின் விஐஏ தொண்டு மணி நேரத்துக்காக வரும் மாணவர்களைப் பற்றிச் சிலர் அலுத்துக்கொள்வார்கள். நான் அலுத்துக்கொள்வதில்லை. கையெழுத்துக்காக வந்த ஒரு பெண் இப்போது எங்கள் கணக்கெல்லாம் எழுதுகிறாள். அவர்களிடம் மூட்டையைக் கொடுக்காதீர்கள், பேனாவைக் கொடுங்கள்.

கையில் என்ன வேண்டும்

நீளமான இடுக்கி, உள்ளங்கையில் ரப்பர் பூசிய தடித்த கையுறை (துவைத்து மறுபடி போடலாம்), மூடிய காலணி, ஒரு வாளி. மூட்டையைவிட வாளி நல்லது, காற்றில் பறக்காது, திறந்தே நிற்கும். பெட்டி எடைபோடப் பயன்படுத்தும் கொக்கித் தராசு ஒன்று. ஊசி, உடைந்த கண்ணாடிக்கு மூடியுள்ள கெட்டியான டப்பா. நூல் வெட்டச் சின்னக் கத்தரிக்கோல், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தண்ணீர் அவரவர் போத்தலில். பிரியாணி கூடாது என்று நான் சொல்லவில்லை, முடித்துவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்து தட்டில் சாப்பிடுங்கள்.

நேரமும் வானமும்

காலை 7.30க்கு ஆரம்பித்தால் 9 மணிக்குள் முடித்துவிடலாம். இங்கே ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது இடி இடிக்கிறது, அதனால் மைஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள், இருந்தால் தள்ளிப்போடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே மேற்பகுதியில் பெய்த மழையில் கால்வாய் நீர் சில நிமிடங்களில் ஏறிவிடும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012இல் திறந்தார்கள். அங்கே நீர் ஏறினால் விளக்கு மின்னி அபாயச் சங்கு ஒலிக்கும். உங்கள் கரையில் சங்கு இருக்காது, ஒருவர் மேல்பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும்.

சதுப்புநிலக் கரை என்றால் கடல் ஏற்ற இறக்க அட்டவணை பாருங்கள். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, ஏற ஆரம்பிக்கும் முன் வெளியே வந்துவிடவேண்டும். சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை மரத்தின் மூச்சுவேர்கள், அவற்றை மிதிக்காமல் ஒற்றையடிப் பாதையாகப் போங்கள். பருவக்காற்றும் முக்கியம்: வடகிழக்குப் பருவத்தில் சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் கடல்குப்பை அதிகம் ஒதுங்கும், தென்மேற்குப் பருவத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று பேனா பிடியுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும், அலட்சியம் வேண்டாம்.

பொறுக்கும்போது

மனிதன் செய்த பொருளை மட்டும் எடுங்கள். விழுந்த கிளை, காய்ந்த இலை, நாணல் எல்லாம் அழகாக இல்லை என்று பெருக்கித் தள்ளுகிறவர்கள் உண்டு. அங்கேதான் குஞ்சு மீனும் தட்டானும் பிழைக்கின்றன. போத்தல், டப்பா எதை எடுத்தாலும் உள்ளிருக்கும் தண்ணீரை மண்ணில் கவிழ்த்துவிட்டு வாளியில் போடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு தண்ணீர் போதும். சேறு படிந்த பிளாஸ்டிக்கை நீல நிற மறுசுழற்சித் தொட்டியில் போட்டால் மற்றதும் கெட்டுப்போகும், பொதுக் குப்பையிலேயே போடுங்கள்.

தூண்டில் நூலைக் கண்டால் கத்தரிக்கோலை எடுங்கள். புதரில் சிக்கிய நூலைப் பிடித்து இழுத்தால் முள் எங்கிருந்து வரும் என்று தெரியாது, துண்டு துண்டாக வெட்டி எடுப்பதுதான் வழி. பறவையோ உடும்போ சிக்கியிருந்தால் நீங்களே விடுவிக்க முயலவேண்டாம், தேசியப் பூங்காக் கழகத்தையோ விலங்கு மீட்புக் குழுவையோ அழையுங்கள்.

கால்வாய்ச் சுவரிலும் தண்டுகளிலும் நீர்மட்டத்துக்கு மேலே பபிள்கம் நிறத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தையின் முட்டைகள் அவை. அழகாக இருக்கிறதே என்று தொடாதீர்கள், அவற்றில் நஞ்சு உண்டு, நத்தையையும் வெறும் கையில் எடுக்கக்கூடாது. எங்கே, எத்தனை கொத்து என்று குறித்து அனுப்புங்கள். நத்தை மட்டும் இல்லை, சிவப்புக்காது ஆமையும் வெளியிலிருந்து வந்து பெருகியதுதான், வாங்கும்போது காசளவு, வளர்ந்ததும் தட்டளவு, அப்புறம் ராத்திரியில் குளத்தில் விடுவது. விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியத்துக்காக விடுகிறவர்களும் உண்டு, அப்போது தொண்டூழியர்கள் நீர்த்தேக்கங்களில் நின்று எடுத்துச் சொல்கிறார்கள். விட்ட உயிரில் பெரும்பாலானவை பிழைக்காது, பிழைத்தது மற்றதைத் தின்னும். இது சட்டப்படியும் குற்றம். நீர்நாய்க்குத் தீனி போடுவதும் அப்படியே.

நம் வீட்டு மூட்டை

ஒரு நாள் கரையோரத்தில் இறுக்கி முடிச்சுப் போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. கனமாக இருந்ததால் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். பழுத்துப்போன மல்லிகைச் சரம், துளசி, உடைத்த தேங்காய் மூடி, கற்பூர உறை, ஒரு சாமி படம், அடியில் கறுத்த தண்ணீர். பூஜைப் பொருளைக் குப்பையில் போட மனம் வராமல்தான் யாரோ ஓடும் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள், அந்த மனசு எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் பை அவிழவே இல்லை, பூவுக்கு ஆற்றுத் தண்ணீர் படவே இல்லை.

இதைத் தமிழர்களாகிய நாம்தான் நம் வீடுகளில் பேசமுடியும், வேறு யார் சொன்னாலும் சண்டையாகிவிடும். எங்கள் புளோக்கில் நான்கு வீட்டார் இப்போது பூக்களைச் சமூகத் தோட்டத்தின் உரக்குழிக்குக் கொடுக்கிறார்கள். துளசிச் செடியின் அடிக்குப் போகிறது என்று சொன்னதும் அத்தைமார்கள் தலையாட்டிவிட்டார்கள். பழைய படங்களைக் கோயிலில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணுங்கள்

கிலோ கணக்கு மட்டும் போதாது. ஈரப் பாய் ஒன்று கிடைத்தால் கிலோ எகிறும், 400 சிகரெட் துண்டு எடையே காட்டாது. அனைத்துலகக் கடலோரத் துப்புரவில் வகைவாரியாகக் குறிக்கும் அட்டை ஒன்று உண்டு, அதைப் பார்த்து நாங்கள் சுருக்கமாக எட்டு வகை வைத்திருக்கிறோம்: சிகரெட் துண்டு, பானப் போத்தல், மூடி, உறிஞ்சுகுழல், உணவுப் பெட்டி, ஸ்டைரோஃபோம் துண்டு, பிளாஸ்டிக் பை, மற்றவை. நான்கு நான்காகக் கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. ஒரே இடம், ஒரே நேர அளவு. அப்போதுதான் இந்த மாதத்தை அந்த மாதத்தோடு ஒப்பிட முடியும்.

அப்புறம் மேல்பக்கம் போங்கள்

எண்ணியதன் பலன் இங்கேதான். எங்கள் தாளில் உணவுப் பெட்டியும் உறிஞ்சுகுழலும் எப்போதும் அந்த ஒரு மூலையில்தான் வந்தன. நான்கு மாதக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, கோப்பிக்கடைக்குப் போய், முதலில் தே தாரிக் வாங்கிக் குடித்துவிட்டு, முதலாளியிடம் காட்டினோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்: மூடி உடைந்த தொட்டி, பக்கத்திலேயே திறந்த வடிகால். இரண்டு வாரத்தில் மூடியுள்ள தொட்டி வந்தது. அந்த மூலையில் உணவுப் பெட்டிகள் பாதிக்கும் கீழே இறங்கின.

எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள். வேறொரு கடையில் சமையல் எண்ணெயை வடிகாலில் ஊற்றுவதை மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை, நான்காவது முறை படத்தோடு புகார் போட்டோம். சண்டை போடாதீர்கள், நேரமும் இடமும் குறித்து அனுப்புங்கள். வடிகாலில் பெயிண்ட் கழுவிய பால்நிறத் தண்ணீர், எண்ணெய்ப் படலம், மழை விட்ட பிறகும் தேத்தண்ணி நிறத்தில் ஓடும் சேறு இதெல்லாம் உடனே சொல்லவேண்டியவை. கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்கு வரும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் துகள் இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதைக் கண்ணால் அளக்கமுடியாது, ஆனால் தேத்தண்ணி நிறம் என்றால் சொல்லிவிடுங்கள், அளப்பது அதிகாரிகள் வேலை.

மழைக்காலத்தில் இரண்டு தடவை விட்டுப்போகும், தீபாவளி மாதத்தில் யாரும் வரமாட்டார்கள், அதையும் நோட்டில் ‘போகவில்லை’ என்று எழுதிவையுங்கள். போன சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர்தான். சிகரெட் துண்டு 212, மூடி 31, உணவுப் பெட்டி 4. பாலத்துக்கு அடியில் ஒரு புதிய வடிகால் வாயிலிருந்து நுரை வருகிறது, அது எங்கிருந்து என்று அடுத்த மழைக்கு நடந்து பார்க்கவேண்டும்.